பழைய போலீஸ் காரை வாங்கி ஓட்டியவர்கள் யாராவது உண்டா?

வைகைக்கரையான்:

நண்பன் ஒருவன் இரண்டு வாரமாக நச்சரிக்கிறான், ஏலத்தில் போலீஸ் கார் ஒன்று மலிவாக வருகிறது, வாங்கலாமா என்று. வாங்கு என்றும் வாயில் வரவில்லை, வேண்டாம் என்றும் வரவில்லை. அதனால் இங்கே கொட்டிவிடுகிறேன்.

2014. ஒஹாயோவில் ஏதென்ஸ் என்ற சின்ன ஊரில் படித்துக்கொண்டிருந்தேன். கவுன்டி ஏலத்தில் 2,600 டாலருக்கு ஒரு 2007 ஃபோர்ட் கிரவுன் விக்டோரியா, அங்கே போலீஸ் ஓட்டிய பெரிய கார். வண்டியைப் பற்றிக் குறை சொல்லவே முடியாது. 4.6 லிட்டர் வி8, ஏசி போட்டால் பல் கிட்டிவிடும், முன் சீட்டில் உட்கார்ந்தால் வீட்டு சோபா. சைரன், கூரை விளக்கு எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் கொடுத்தார்கள். டிரைவர் பக்கக் கண்ணாடித் தூணில் இருந்த ஸ்பாட்லைட்டை மட்டும் விட்டுவிட்டார்கள். கதவில் ஸ்டிக்கர் உரித்த இடத்தில் பெயின்ட் வெயில் படாமல் புதுசாக இருந்ததால், சாயங்கால வெயில் சாய்ந்து விழுந்தால் ஷெரிஃப் என்ற எழுத்தை இன்னும் படிக்கலாம்.

நவம்பர் மாதம், ராத்திரி பதினொன்று இருக்கும். கொலம்பஸ் போய் மளிகை வாங்கிக்கொண்டு 33ஆம் நம்பர் ரோட்டில் திரும்பி வருகிறேன். முன்னால் ஒரு சின்ன கார், எல்லை வேகத்துக்கும் கீழே ஊர்கிறது. நானும் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வருகிறேன். அது ஒரு பெட்ரோல் பங்க்கில் திரும்பியது. எனக்கும் அங்கேதான் வேலை, கண்ணாடி கழுவும் தண்ணீர் தீர்ந்து முன்னால் ஒன்றுமே தெரியவில்லை. அவன் பின்னாலேயே நிறுத்திவிட்டு இறங்கி, பம்ப் பக்கத்து வாளியில் இருந்த துடைப்பானை எடுத்துக்கொண்டு அவன் காரைத் தாண்டினேன்.

அந்தக் குளிரில் கண்ணாடி முழுக்க இறக்கியிருந்தது. உள்விளக்கு எரிகிறது. கறுப்பினப் பையன், பத்தொன்பது வயது இருக்கலாம். இரண்டு கையும் ஸ்டீயரிங் மேலே, பத்து விரலையும் விரித்து வைத்திருக்கிறான். டேஷ்போர்டில் லைசென்ஸும் இன்சூரன்ஸ் காகிதமும் பக்கம் பக்கமாக. என்னைப் பார்க்காமல் நேராகப் பார்த்துக்கொண்டு, "சார், நான் எதையும் எடுக்கப் போவதில்லை" என்றான்.

என் கையில் ஈரம் சொட்டும் துடைப்பான். நான் ஸ்டூடன்ட், போலீஸ் இல்லை, இது பழைய கார் என்று உளறினேன். "யெஸ் சார்" என்றான். கையை எடுக்கவில்லை. நான் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வெளியே வந்து திரும்பிப் பார்க்கும்போதும் விரல் அப்படியே விரிந்திருந்தது.

அவ்வளவுதான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஸ்காபரோ தம்பி:

வைகை அண்ணை, உங்கட கதையைப் படிச்சு மனம் பாரமாப் போச்சு. என்ர கதை வேற மாதிரி.

எங்களிட்டயும் ஒரு கிரவுன் விக் இருந்தது, 2009. அது இங்கத்தைப் பிள்ளைதான், கனடா ஒன்ராறியோவில சென் தோமஸ் பக்கத்தில இருந்த ஃபோர்ட் தொழிற்சாலையில செய்த வாகனம். 2011 செப்டெம்பரோட அதை மூடிப்போட்டினம். வாங்கி மூண்டாம் நாள் பெரியம்மாவை ரிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனன். பூசைக்கு நேரமாச்சு எண்டு நான் முன்னால ஓடியிட்டன், அவ பின்னால வருவா எண்ட நினைப்பு.

பின்கதவு உள்ளுக்க இருந்து திறக்காது. கைப்பிடி இருக்கு, இழுத்தா சும்மா ஆடும். கண்ணாடியும் இறங்காது. கைதிகளை ஏத்துறதுக்குச் செய்த ஏற்பாடெல்லோ, அதை எனக்கு விற்ற ஆளும் சொல்லேல்லை, நானும் பின்னுக்கு இருந்து பார்க்கேல்லை.

அரை மணித்தியாலம் கழிச்சு வந்து பாக்கிறன், பெரியம்மா பட்டுச்சீலையோட, கண்ணாடியில மூக்கை வச்சு அமத்திக்கொண்டு இருக்கிறா. பக்கத்தில ஒரு வெள்ளைக்காரக் கிழவர் நிண்டு, ஏதோ பிடிபட்ட ஆள் எண்டு நினைச்சோ என்னவோ, கவலையா அவவைப் பாத்துக்கொண்டு நிக்கிறார். நான் கதவைத் திறக்க அவ சொன்ன முதல் வசனம், "மோதகம் எல்லாத்தையும் நான் சாப்பிட்டிட்டன்." பிள்ளையாருக்கு எண்டு வீட்டில அவிச்சுக் கொண்டுவந்தது, இருபத்தொரு மோதகம்.

இண்டைக்கும் கலியாணவீடு, செத்தவீடு எதுக்குப் போனாலும் என்னை அறிமுகப்படுத்திறது இந்தக் கதையாலதான்.

நான்காம் கியர்:

இரண்டு பேரும் வண்டியைப் பார்க்காமலே வாங்கியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. ஹூஸ்டனில் நான் மூன்று கிரவுன் விக் வைத்திருந்தேன். என் அனுபவம் சின்னதுதான். முதல் வண்டியின் பின் சீட்டைக் கழற்றியபோது நாலு பேனா, ஒரு கைவிலங்குச் சாவி, அப்புறம் மடித்த காகிதம் ஒன்று கிடைத்தது: பால், முட்டை, டயப்பர் சின்ன சைஸ். போலீஸ்காரர் எழுதியதா, பின்னால் உட்கார்ந்து போனவர் ஒளித்ததா தெரியாது. இன்னும் பர்ஸில் இருக்கிறது.

இனி வாங்கப் போகிறவருக்கு. முதலில் வண்டியின் அடையாள எண்ணான வின் நம்பரில் 5, 6, 7ஆம் இடங்களைப் பாருங்கள். பி71 என்று இருந்தால்தான் அசல் போலீஸ் வண்டி, கடைசி வருடங்களில் பி7பி. அந்த எண் இல்லாமல் ஸ்பாட்லைட் மட்டும் மாட்டி விற்பவர்கள் உண்டு. அடுத்தது மைல் கணக்கை நம்பாதீர்கள். 2006 மாடல் முதல் வந்தவற்றில் எஞ்சின் ஓடிய மணி நேரமும் மீட்டரில் வரும், அதுதான் ஜாதகம். ஒரு உதாரணம் சொல்கிறேன். 82,000 மைல், 6,000 மணி நேரம். வகுத்துப் பாருங்கள், மணிக்குப் பதினான்கு மைல்கூட வரவில்லை. அதாவது வண்டி பாதி நாள் எஞ்சினை ஓடவிட்டு மரத்தடியில் நின்றிருக்கிறது. ஓடும்போது சராசரி 35 மைல் வேகம் என்று வைத்தால் ஓடியது 2,350 மணி நேரம், சும்மா நின்றது 3,650. நின்றபடி ஓடும் ஒரு மணி நேரத்தை 33 மைலாகக் கணக்கிடு என்று ஃபோர்டே சொல்கிறது. ஆக நின்றே 1,20,000 மைல். மொத்தம் இரண்டு லட்சம் மைல் தேய்ந்த எஞ்சினை 82,000 என்று உங்களிடம் தருகிறார்கள்.

அதற்காக மோசம் என்று அர்த்தமில்லை, ஆயில் கூலர் தனியாக இருக்கிறது, ரேடியேட்டர் பெரிது, ஆயிலை அட்டவணை போட்டு மாற்றியிருப்பார்கள், பழைய இரும்புக் கடையில் உதிரிபாகம் அடிவிலைக்குக் கிடைக்கும். கூரையில் விளக்குக்குப் போட்ட ஓட்டையில் ரப்பர் மூடி இருக்கிறதா, மழைத்தண்ணீர் உள்ளே சொட்டியிருக்கிறதா என்று கூரைத் துணியைத் தடவிப் பாருங்கள். ரேடியோவைப் பிடுங்கும்போது ஒயரை வெட்டிவிட்டு நுனியை அப்படியே தொங்கவிட்டிருப்பார்கள், மூன்றாம் நாள் காலையில் பேட்டரி செத்துக் கிடக்கும். பனி ஊர்க்காரர்கள் வாங்காதீர்கள், பின்சக்கரம் இழுக்கும் வண்டி, வழுக்கினால் நிற்காது. ஊருக்குள் ஒரு கேலன் பெட்ரோலுக்குப் பதினைந்து பதினாறு மைல் தந்தால் பெரிசு. பெட்ரோல் டேங்க் பின் அச்சுக்குப் பின்னால் இருக்கிறது, பின்னாலிருந்து வேகமாக மோதித் தீப்பிடித்துப் போலீஸ்காரர்களே இறந்திருக்கிறார்கள், அதற்குப் பிறகுதான் ஃபோர்ட் தடுப்புத் தகடு கொடுத்தது. நீங்கள் வாங்கும் வண்டியில் தகடு போட்டிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

வைகைக்கரையான் அவர்களே, உங்கள் ஹவர் மீட்டர் எவ்வளவு காட்டியது?

எடிசன்வாசி:

கியர் சார், சாவியை விட்டுவிட்டீர்களே. துறை முழுக்க எல்லா வண்டிக்கும் ஒரே சாவி போடும் வழக்கம் உண்டு. நியூஜெர்சியில் இந்திய மளிகைக் கடை ஒன்றின் வாசல், மழை, கையில் அரிசி மூட்டை. வெள்ளி நிற காரைத் திறந்தேன், உட்கார்ந்தேன், ஸ்டார்ட் செய்தேன், கியரும் போட்டாயிற்று. அப்போதுதான் கண்ணாடியில் ஜெபமாலை தொங்குவதைப் பார்த்தேன். என் வண்டி இரண்டு வரிசை தள்ளி நிற்கிறது. அந்த மனிதரும் அதே ஏலத்தில் எடுத்தவராகத்தான் இருக்க வேண்டும். இறங்கி ஓடிவந்துவிட்டேன். அரிசி மூட்டையை அவர் வண்டியிலேயே வைத்துவிட்டு வந்தது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

சாத்தூர்க்காரன்:

அமெரிக்கக் கதையாகவே போகிறது, நம்ம ஊர்க் கதை ஒன்று. 2011ல் ஆயுதப்படை மைதானத்தில் போலீஸ் வண்டி ஏலம். பேப்பரில் அறிவிப்பு பார்த்துவிட்டு முன்பணம் கட்டிப் போய் நின்றேன். சுற்றிலும் பழைய இரும்பு வியாபாரிகள், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். ஒரு பொலிரோ எடுத்தேன். எஞ்சின் கல்லு மாதிரி, உடம்புதான் கீழே அரித்திருந்தது. கூரையில் சுழல்விளக்கு மாட்டியிருந்த தகட்டை, கயிறு கட்ட ஆகும் என்று விட்டுவைத்தேன்.

ஒரு மத்தியானம் கண்மாய்க்கரைப் புளியமரத்தடியில் நிழலுக்காக ஒதுக்கினேன். அங்கே ஐந்தாறு பேர் சீட்டாடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. பிரேக் பிடித்த சத்தம்தான் கேட்டிருக்கும், கருவேலங்காட்டுக்குள் சிதறி ஓடினார்கள். செருப்பு அங்கங்கே கிடக்கிறது. நடுவில் ஒரு துண்டு, அதன்மேல் சீட்டு, 340 ரூபாய். அண்ணே வாங்கண்ணே, நான் போலீஸ் இல்லண்ணே என்று காட்டைப் பார்த்துக் கத்தினேன். ஒருத்தரும் வரவில்லை. போலீஸும் அப்படித்தானே கூப்பிடும்.

காசை அங்கேயே விட்டால் ஆடு மேய்க்கிற பையன் எடுத்துப் போவான் என்று துண்டோடு சுருட்டி டீக்கடையில் கொடுத்தேன். டீக்கடைக்காரர் சிரித்தார், வாங்கி வைத்தார். மறுநாள் காலை எங்கள் வீட்டு வாசலில் ஒரு பெரியவர் கைகட்டி நிற்கிறார். "ஐயா, காசு நீங்களே வச்சுக்கிடுங்க. துண்டு மட்டும் குடுத்தாப் போதும், மக எடுத்துக் குடுத்தது." அப்பா வயது அவருக்கு. டீக்கடையில் கேளுங்கள் என்று எவ்வளவு சொன்னாலும் நம்பிக்கையில்லாமல்தான் போனார்.

ஆர்டிஓ ஆபீஸ் பக்கத்து வீடு:

சாத்தூர்க்காரரே, தேதியை அழுத்திச் சொல்லுங்கள், படித்துவிட்டு நாலு பேர் ஏலத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் பதினைந்து வருடம் தாண்டிய அரசு வண்டிக்குப் பதிவு கிடையாது, உடைப்புக்குத்தான் போக வேண்டும், ரோட்டில் ஓட்ட முடியாது. இன்னொன்று, "போலீஸ் ஏலம்" என்று பேப்பரில் வருவதில் பாதி போலீஸ் வண்டியே இல்லை. மதுவிலக்கு வழக்கில் பறிமுதல் செய்த சாராய வண்டிகள். சாத்தூர்க்காரர் வாங்கியது போலீஸ் வண்டிதானா என்றே எனக்குச் சந்தேகம்.

சாத்தூர்க்காரன்:

சாராய வண்டிக்குச் சுழல்விளக்குத் தகடு எதற்கு சார்?

ஆஸ்டின் அக்கா:

வைகை தம்பி, கேட்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. விளக்கையெல்லாம் அவர்கள் கழற்றிவிட்டார்கள் சரி. ஸ்பாட்லைட் உன் கையில்தானே இருந்தது? என் வீட்டுக்காரர் வாங்கிவந்த அன்றைக்கே கழற்றி, ஓட்டையை அடைத்து, கதவை ஒருமுறை பாலிஷ் போட்டு எழுத்தையும் மறைத்துவிட்டார். ஒரு சனிக்கிழமை வேலை. அந்தப் பையனுக்கு நடந்ததற்கு ஊரை, போலீஸை எல்லாம் சொல்லலாம், ஆனால் அது உன் வண்டி.

எடிசன்வாசி:

அக்கா, ஸ்பாட்லைட் வைத்துக்கொள்வது பல மாநிலங்களில் சட்டப்படி சரிதான். போட்டு யார் மேலாவது அடிக்காத வரைக்கும்.

ஆஸ்டின் அக்கா:

சட்டத்தை யார் கேட்டது?

வைகைக்கரையான்:

அக்கா கேட்டது சரி. பதில் யோசித்துப் பார்த்தேன், நேரமில்லை, கருவி இல்லை என்றெல்லாம் எழுதி அழித்தேன். உண்மை என்னவென்றால் எனக்கு அது பிடித்திருந்தது. அதற்கு முன்னால் ஒரு வருடம் பழைய ஹோண்டா சிவிக் வைத்திருந்தேன், ஹைவேயில் ஒருத்தன் வழிவிட மாட்டான், ஹாரன் அடிப்பான், விரலைக் காட்டுவான். கிரவுன் விக்கில் போனால் முன்னால் போகிறவர்களின் பிரேக் விளக்கு வரிசையாக எரியும், ஒவ்வொருவராக வலப்பக்கம் ஒதுங்குவார்கள். மதுரைப் பையனுக்கு ஒஹாயோவில் அப்படி யாரும் ஒதுங்கியதில்லை. அன்று ராத்திரி அந்தப் பையன் ஊர்ந்தபோதும் நான் இடைவெளி விட்டிருக்கலாம். நெருங்கிப் போனேன், எப்படியும் ஒதுங்குவான் என்று தெரியும்.

அடுத்த வாரம் கழற்றினேன். இரண்டு போல்ட்தான். வண்டியை 2016ல் விற்றுவிட்டேன். வாங்கிய பையன் கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, ஸ்பாட்லைட் எங்கே, அது இருந்தால் இன்னும் இருநூறு டாலர் தருவேன் என்றான்.

நான்காம் கியர்:

ஹவர் மீட்டர் எவ்வளவு என்று கடைசிவரை சொல்லவே இல்லை.