கலோரி கணக்குப் போட நம்பகமான ஆப் எது?

அம்மாவுக்குச் சர்க்கரை, டாக்டர் எடையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். இப்போதுள்ள ஆப்பில் இட்லி என்று தேடினால் ஒன்றுக்கு 40 கலோரி என்று ஒரு வரி, அதற்குக் கீழேயே 120 என்று இன்னொன்று, யார் வேண்டுமானாலும் ஏற்றலாம் போல, சரிபார்க்க ஆளே இல்லை. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் 528 உணவுப்பொருள்களுக்கு அட்டவணை வெளியிட்டதே, அதை வைத்துக் கணக்கிடும் ஆப் ஏதாவது உண்டா?

அப்புறம், பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) 25 வரை எல்லாம் சரி என்று அந்த ஆப் பச்சை காட்டுகிறது. ஆசியர்கள் 23இலிருந்தே கவனிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவன நிபுணர்கள் 2004இலேயே சொல்லியாயிற்று.

ஆப்களுக்குப் போட்டிருக்கும் ஸ்டார் மதிப்பீட்டைப் பார்த்து எதுவும் புரியவில்லை. அம்மா இன்சுலின் போடுகிறார், அதனால் வாரத்தில் 5 கிலோ என்று ஆசை காட்டுவதெல்லாம் வேண்டவே வேண்டாம். தமிழில் இருந்தால் ரொம்ப நல்லது. பயன்படுத்தியவர்கள் பெயரையும் சந்தாவையும் சொல்லுங்களேன்.