கான்ட்ராஸ்ட் திருப்பினால் கறுப்பு மட்டம் நகர்கிறது: கிளாம்ப் பல்ஸில்தான் கோளாறா?

வணக்கம். பால் (PAL கலர் டிவி முறை) வீடியோ, பிக்சர் டியூபுக்கான ஆம்ப்ளிஃபையர். உள்ளீடு 1 வோல்ட், சிங்க் (ஒவ்வொரு வரியின் தொடக்கத்தைக் குறிக்கும் பல்ஸ்) மேல்நோக்கியது. முதல் நிலை பிசி547 டிரான்சிஸ்டர், காமன் எமிட்டர், 12 வோல்ட் சப்ளை: கலெக்டரில் 1 கே, எமிட்டரில் 470 ஓம். அந்த 470-க்கு இணையாக 330 ஓம், 1 கே பாட் (கான்ட்ராஸ்ட் திருகு), 470 மைக்ரோஃபாரட் மூன்றும் தொடராக. கெயின் சுமார் 2.8 முதல் 5 வரை மாறும். கெப்பாசிட்டர் டிசியைத் தடுப்பதால் பாட் திருப்பினாலும் கலெக்டர் வோல்டேஜ் அசைவதில்லை. அதுவரை சரி.

பிறகு எமிட்டர் ஃபாலோயர், 1 மைக்ரோஃபாரட் கப்ளிங், அதன்பின் 2.0 வோல்ட்டுக்கு சிடி4066 சுவிட்ச் கிளாம்ப் (ஒவ்வொரு வரியிலும் பல்ஸ் வரும்போது கறுப்பு மட்டத்தை அந்த வோல்ட்டில் பிடித்து வைப்பது), கடைசியில் டியூபை ஓட்டும் பிஎஃப்459 டிரான்சிஸ்டர்.

குறைந்த கான்ட்ராஸ்டில் கறுப்பு 2.15 வோல்ட், முழுதாக வைத்தால் 2.3. டியூபில் கறுப்பு சாம்பலாகிறது. கிளாம்ப் கெயினுக்குப் பின்னால் இருந்தும் ஏன்?

என் சந்தேகம்: கிளாம்ப் பல்ஸ் 3 மைக்ரோசெகண்ட், ஃப்ளைபேக் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து ஆர்சி தாமதத்தில் வருகிறது. சிங்க் முடிவதற்குச் சுமார் 0.6 மைக்ரோசெகண்ட் முன்பே தொடங்குகிறது. அப்படியானால் கிளாம்ப் பிடிப்பது பேக் போர்ச்சை (சிங்குக்குப் பின் வரும் கறுப்பு மட்டப் பகுதி) மட்டுமல்ல, சிங்க் கலந்த சராசரியை. சிங்க் உயரமோ கெயினோடு வளரும். கணக்கும் ஏறக்குறைய பொருந்துகிறது.

சிங்கின் பின்விளிம்பிலிருந்தே பல்ஸ் எடுக்க எளிய டிரான்சிஸ்டர் சர்க்யூட் யாரிடமாவது உண்டா? பேக் போர்ச்சில் வரும் 4.43 மெகாஹெர்ட்ஸ் கலர் பர்ஸ்ட் நசுங்காதிருக்க சுவிட்சோடு தொடராக எத்தனை ஓம் போடுகிறீர்கள்? கப்ளிங்கை 0.1 மைக்ரோஃபாரட் ஆக்கினால் கிளாம்ப் வேகமாகப் பிடிக்கும். ஆனால் பிஎஃப்459-இன் 50 மைக்ரோஆம்பியர் பேஸ் கரண்டுக்கு ஒரு வரியில் 32 மில்லிவோல்ட் சரியுமே, அதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?