தினமும் 84 கி.மீ. ஓட்டம், 10 லட்சம் பட்ஜெட்: பெட்ரோலா, சி.என்.ஜி.யா?

பொள்ளாச்சி_மேற்கு

வணக்கமுங்க. பொள்ளாச்சியிலிருந்து கோவைக்கு திங்கள் முதல் சனி வரை போக வர 84 கி.மீ. ஓட்டணும். பெரும்பகுதி நாலு வழிச்சாலை, ஈச்சனாரி தாண்டினதும் நெரிசல். மாசம் ஒரு தடவை நாலு பேரும் பெட்டி படுக்கையோட வால்பாறை போவோம். ஆன்ரோடு (வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து) 10 லட்சத்தைத் தாண்ட முடியாது. அஞ்சு வருஷமாவது வண்டியை மாத்தற எண்ணம் இல்லை. ஷோரூமில் மாருதி ஸ்விஃப்ட் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 24.80 கி.மீ., சி.என்.ஜி.க்கு (அழுத்தி அடைச்ச இயற்கை எரிவாயு) கிலோவுக்கு 32.85 கி.மீ. மைலேஜ் என்கிறாங்க. இதை எவ்வளவு நம்பலாம்? சி.என்.ஜி.க்குக் கூடக் கொடுக்கற பணம் எப்பத் திரும்பும்?

கணக்குப்பிள்ளை

அந்த எண்கள் பொய் இல்லை. ஆனா உங்க ரோட்டுக்கான எண்களும் இல்லை. ஏ.ஆர்.ஏ.ஐ. (வண்டிகளைச் சோதிச்சு மைலேஜுக்குச் சான்று தர்ற அமைப்பு) நடத்தற சோதனை ரோட்டில் நடக்காது, உருளை மேல் வண்டியை நிறுத்தித்தான் நடக்கும். மொத்தம் 1,180 விநாடி, பத்தரை கி.மீ. சொச்சம் தூரம், உச்ச வேகம் மணிக்கு 90. ஏ.சி. ஓடாது, ஏற்றம் கிடையாது, நாலு பேர் சுமையும் கிடையாது. அதனால சொன்னதில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேல் எடுத்துக் கணக்குப் போடுங்க. பெட்ரோலுக்கு 19, சி.என்.ஜி.க்கு 26 என்று வைக்கலாம். ஏ.சி.யோட ஓட்டினா இதுதான் நியாயமான அளவு.

பெட்ரோல் 101 ரூபாய், கேஸ் கிலோ 91 ரூபாய் என்று வச்சா, கி.மீ.க்கு பெட்ரோலில் 5.32, கேஸில் 3.50. வித்தியாசம் 1.82. ஒரே வேரியண்ட்டில் ரெண்டுக்கும் விலை வித்தியாசம் சுமார் 90,000 இருக்கும் (கொட்டேஷனை வாங்கிப் பார்த்து அந்த எண்ணையே போடுங்க). 90,000-ஐ 1.82-ஆல் வகுத்தா 49,500 கி.மீ. நீங்க வருஷத்துக்கு 25,000 ஓட்டறதால ரெண்டே வருஷத்தில் போட்ட காசு திரும்பிடும். அதுக்கப்புறம் வருஷம் 45,000 மிச்சம். மாசம் 600 கி.மீ. மட்டும் ஓட்டறவருக்கு இதே கணக்கு ஏழு வருஷம் இழுக்கும், அவருக்கு சி.என்.ஜி. வேண்டாம். உங்களுக்கு வேணும்.

ஆழியாறு_வளைவு

மேலே சொன்ன கணக்கு சரி. கணக்கில் வராத சங்கதிகளைச் சொல்றேன்.

முதல்ல, எத்தனை தடவை கேஸ் அடிக்கணும்? ஸ்விஃப்ட், டிசையரில் சிலிண்டர் 55 லிட்டர். லிட்டர் என்றது சிலிண்டரின் கொள்ளளவு, கேஸின் எடை இல்லை. 200 பார் அழுத்தத்தில் நடைமுறையில் எட்டு கிலோ சொச்சம் ஏறும். எட்டை 26-ஆல் பெருக்குங்க, 208 கி.மீ. வருது. அதாவது நீங்க ரெண்டு நாளைக்கு ஒருதரம் பங்க்கில் நிக்கணும். குழாய் வழியா கேஸ் வராம, லாரியில் கொண்டுவந்து இறக்கற பங்க்கா இருந்தா, சரக்கு குறையக் குறைய அழுத்தமும் குறையும். 200-க்கு பதிலா 160, 170-இல் நின்னுடும், உங்களுக்கு ஆறு கிலோதான் கிடைக்கும். நடுமத்தியானத்தில் வேகமா அடிச்சாலும் இதே கதைதான். அடிக்கும்போது கேஸ் சூடேறி அழுத்தம் சீக்கிரம் 200-ஐத் தொட்டுடும், எடை ஏறியிருக்காது. விடியக்காலையில் அடிக்கறதுதான் லாபம். வண்டி வாங்கறதுக்கு முன்னாடி, நீங்க போற வழியில், போற பக்கத்திலேயே எத்தனை பங்க் இருக்கு, காலை ஏழு மணிக்கு வரிசை எவ்வளவு நீளம் என்று ஒரு வாரம் பாருங்க. இருபது நிமிஷ வரிசை என்றால் சேமிப்பில் பாதி வெறுத்துப் போகும்.

அடுத்து டிக்கி. மாருதியில் சிலிண்டர் டிக்கியை அடைச்சிக்கும், ரெண்டு பை வைக்கலாம், பெட்டி வைக்க முடியாது. டாடாவில் 30 லிட்டர் சிலிண்டர் ரெண்டைத் தரைக்குக் கீழே படுக்க வச்சிருக்காங்க. ஹூண்டாயிலும் இரட்டை சிலிண்டர் வண்டி இருக்கு. நாலு பேர், பெட்டி படுக்கை என்கிறதால உங்களுக்கு இதுதான் முக்கியம். ஸ்டெப்னி இருக்கா, இருந்தா எங்கே வச்சிருக்காங்க என்று சேல்ஸ்மேனைத் திறந்து காட்டச் சொல்லுங்க.

மூணாவது மலை. கேஸ், இன்ஜினுக்குள்ள போற காத்தோட இடத்தைப் பிடிச்சிக்கும், அதனால இழுவை குறையும். ஸ்விஃப்ட் பெட்ரோலில் 82 குதிரைத்திறன், கேஸில் 70. சிலிண்டர் எடை வேற கூடும். ஆழியாறிலிருந்து வால்பாறை வரை 40 கொண்டை ஊசி வளைவு. நாலு பேரோட ஏறும்போது அடிவாரத்திலேயே சுவிட்சை பெட்ரோலுக்கு மாத்திடுங்க. பெட்ரோல் டேங்க்கில் கால் பங்காவது எப்பவும் இருக்கணும். பல வண்டிகள் பெட்ரோலில்தான் ஸ்டார்ட் ஆகி அப்புறம் கேஸுக்கு மாறும். மாசக்கணக்கில் பெட்ரோலைத் தொடாம ஓட்டினா, அவசரத்துக்கு மாத்தும்போது இன்ஜெக்டர் திக்கித் திணறும். வாரத்துக்கு அஞ்சாறு கி.மீ. பெட்ரோலில் ஓட்டுங்க.

சிலிண்டருக்கு மூணு வருஷத்துக்கு ஒருதரம் ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தச் சோதனை) கட்டாயம். அந்தத் தேதி தகட்டில் தாண்டியிருந்தா பங்க்கில் கேஸ் போட மறுப்பாங்க. வெளியில் கேஸ் கிட் மாட்டிக்கலாம் என்று யாராவது சொன்னா, ஆர்.சி.யில் ஏத்தணும், இன்சூரன்ஸில் சேர்க்கணும், புது வண்டின்னா வாரண்டி போகும். கம்பெனியிலேயே மாட்டி வர்றதை வாங்கறதுதான் புத்திசாலித்தனம்.

பொள்ளாச்சி_மேற்கு

ரொம்ப நன்றிங்க. பங்க் வரிசை பற்றி யோசிக்கவே இல்லை. பழைய டீசல் டிசையர், 2019 மாடல் ஒண்ணு வருது. அதுக்கு 28 மைலேஜ் என்கிறாங்களே? ஹைபிரிட் வண்டியும் பார்க்கலாமா?

கணக்குப்பிள்ளை

ஹைபிரிட் (பெட்ரோல் இன்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்தது): உங்க பட்ஜெட்டில் வராது, வந்தாலும் உங்க ஓட்டத்துக்கு அது தோதில்லை. மாருதி கிராண்ட் விட்டாரா ஸ்ட்ராங் ஹைபிரிட்டின் மைலேஜ் 27.97 பெரிய எண்தான். ஆனா பிரேக் பிடிக்கும்போது திரும்பக் கிடைக்கிற கரண்ட்டில்தான் அது சம்பாதிக்குது. நிறுத்தி நிறுத்திப் போற நகர ஓட்டத்துக்கு அது ராஜா, ஒரே வேகத்தில் ஓடற நாலு வழிச்சாலையில் சாதகம் சுருங்கிடும். சாதா வண்டியை விட மூணு லட்சம் கூட என்று வச்சா, காசு திரும்ப ஒண்ணரை லட்சம் கி.மீ. கிட்ட ஓட்டணும்.

யாரும் கேட்கலை, ஆனாலும் சொல்றேன்: வீட்டில் சொந்த நிறுத்துமிடமும் பிளக் பாயிண்டும் இருந்தா தினம் 84 என்றது மின்சாரக் காருக்கு அளவெடுத்த ஓட்டம். நாளுக்கு 12 யூனிட் வரும். ரெண்டு மாசத்தில் 600 யூனிட் கூடினா வீட்டு பில் மேல் ஸ்லாபுக்கு ஏறிடும். யூனிட் 10 ரூபாய் என்றே வச்சாலும் கி.மீ.க்கு ஒண்ணரை ரூபாய்க்குள்தான். வால்பாறைக்கு 65 கி.மீ., ஆழியாறுக்கு மேல் ஏற்றம், சின்ன பேட்டரிக்காரங்க மேலே சார்ஜருக்கு வழி பார்த்துட்டு ஏறணும்.

டீசல்_வாசம்

2019 டிசையரில் இருக்கறது பி.எஸ்.4 (முந்தின புகைக் கட்டுப்பாட்டு விதி) 1.3 லிட்டர் டீசல் இன்ஜின். அறிவிச்ச எண் 28.40, நிஜத்தில் 21, 22. டீசல் 93 என்றால் கி.மீ.க்கு 4.30 கிட்ட. பெட்ரோலை விட ஒரு ரூபாய் மிச்சம், கேஸை விட 80 பைசா கூட. ஆனா இழுவை அருமை, டிக்கி முழுசா இருக்கும், வால்பாறை ஏத்தத்தில் மூச்சு வாங்காது. பி.எஸ்.4 என்றதால கரி வடிகட்டி அடைப்புத் தொல்லையும் கிடையாது. 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பி.எஸ்.6 டீசலை வெறும் டவுன் ஓட்டத்துக்கு வாங்கினாத்தான் அந்த வம்பு. வடிகட்டி சூடேறி கரியை எரிக்க நேரம் கிடைக்காது, எரியாத டீசல் போய் இன்ஜின் ஆயிலில் கலந்து ஆயில் அளவு ஏறும், விளக்கு எரியும்.

வாங்கறதா இருந்தா காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது போய்ப் பாருங்க. முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வச்சிருந்தா அதுவே சந்தேகம். புகை வெள்ளையா நீடிச்சா இன்ஜெக்டர், நீலமா வந்தா டர்போ சீல் அல்லது ரிங். நாலு இன்ஜெக்டரையும் மாத்தினா மைலேஜ் லாபத்தில் பெரும்பகுதி ஒரே பில்லில் போயிடும். நாலாவது கியர் போட்டு 40-இல் அழுத்திப் பாருங்க. வேகம் கூடாம இன்ஜின் சத்தம் மட்டும் ஏறினா கிளட்ச் தேய்ஞ்சிருக்கு. பத்து வருஷ டீசல் தடை தில்லி வட்டாரத்துக்குத்தான், நம்ம ஊரில் 15 வருஷம் ஓட்டி, எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டிப் புதுப்பிக்கலாம்.

டேங்க்_டு_டேங்க்

எந்த வண்டி வாங்கினாலும் மீட்டரில் காட்டற மைலேஜை அப்படியே நம்பாதீங்க, பலதும் அஞ்சு முதல் பத்து சதவீதம் தாராளமாத்தான் காட்டும். ஒரே பங்க், ஒரே பம்ப், பம்ப் தானா நிக்கற முதல் கட் ஆஃப் வரை மட்டும் போடுங்க, ரவுண்டாக்கறேன் என்று தட்டித் தட்டி ஊத்த விடாதீங்க. டிரிப் மீட்டரை ஜீரோ பண்ணி 300 கி.மீ.க்கு மேல் ஓட்டிட்டு அதே மாதிரி மறுபடி நிரப்புங்க. ஓடின தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுத்தா போதும். மூணு தடவை செய்து மொத்தத்தை வகுத்தாத்தான் எண் நிலைக்கும்.

பெட்ரோல் பக்கம் சாய்ஞ்சா இன்னொண்ணு: இப்போ பங்க்கில் வர்றது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் லிட்டருக்குக் கிடைக்கிற சக்தி பெட்ரோலில் மூணில் ரெண்டு பங்குதான். கணக்குப்படி கலப்பில்லாத பெட்ரோலை விட ஆறேழு சதவீதம், இ10-ஐ விட மூணு சதவீதம் சொச்சம் குறையும். 2023 ஏப்ரலுக்கு அப்புறம் தயாரான வண்டி இதுக்குத் தயாரானது. அதுக்கு முந்தின பழைய வண்டி வாங்கினா ரப்பர் குழாய், கேஸ்கெட் எல்லாம் பார்த்துக்கணும்.

அப்புறம் வேகம். 80-இல் போறதுக்கும் 100-இல் போறதுக்கும் காத்துத் தடை 56 சதவீதம் கூடும். 42 கி.மீ. முழுக்க அப்படியே ஓட்டினாலும் மிச்சமாகறது ஆறேழு நிமிஷம்தான்.

பொள்ளாச்சி_மேற்கு

ஏ.எம்.டி. (தானா கியர் மாத்தற வண்டி) எடுத்தா மைலேஜ் அடி வாங்குமா? மலையிறக்கத்தில் நியூட்ரல் போட்டு இறக்கினா மிச்சமாகும் என்று டிரைவருங்க சொல்றாங்களே?

ஆழியாறு_வளைவு

ஏ.எம்.டி. உள்ளே மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச்சையும் கியரையும் மோட்டார் மாத்துது, அவ்வளவுதான். மைலேஜ் குறையாது, ஸ்விஃப்ட்டில் அறிவிச்ச எண் 25.75, மேனுவலை விடக் கூட. ஏத்தத்தில் ஆக்சிலரேட்டரை லேசா மிதிச்சு வண்டியைப் பிடிச்சு நிறுத்தினா மட்டும் கிளட்ச் கருகும், பிரேக்கைப் பிடிங்க. வளைவுகளில் மேனுவல் மோடுக்கு மாத்திக்குங்க, இல்லேன்னா நடு வளைவில் கியர் ஏறிடும்.

நியூட்ரல் வேண்டவே வேண்டாம். கியரில் இருந்து ஆக்சிலரேட்டரை விட்டா இன்ஜெக்டர் எரிபொருளை நிறுத்திடும், ஒரு சொட்டு போகாது. நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்கு எரியும், பிரேக்கும் சூடாகிப் பிடிக்காம போகும். எந்த கியரில் ஏறினீங்களோ அதே கியரில் இறங்குங்க. சிலிண்டரோட நாலு பேர் என்றால் ரெண்டாவது. டெஸ்ட் டிரைவை டவுனுக்குள்ள சுத்திட்டு விடாம, ஆழியாறு செக்போஸ்ட் தாண்டி நாலு வளைவாவது ஏத்திக் காட்டச் சொல்லுங்க, கேஸில் ஒரு தடவை, பெட்ரோலில் ஒரு தடவை.