விண்டோஸ், லினக்ஸ், மேக்: மூன்றுக்கும் மாதந்தோறும் டிஃப்ராக் அவசியமா?

கேள்வி – கொட்டாஞ்சேனை அச்சகர்

வணக்கம். கொழும்பு கொட்டாஞ்சேனையில் தட்டச்சு, நிழற்பிரதி, அழைப்பிதழ் வடிவமைப்பு ஆகிய வேலைகளைச் செய்யும் சிறிய நிலையமொன்றை நடத்துகிறேன். இங்கே மூன்று கணினிகள் உள்ளன. ஒன்றில் விண்டோஸ் 10, இன்னொன்றில் லினக்ஸ் மின்ட். இவ்விரண்டிலும் இருப்பவை பழைய வன்தட்டுகள். மூன்றாவது, வடிவமைப்பாளர் பயன்படுத்தும் மேக்புக். அதில் எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டுக்குப் பதிலாகச் சில்லுகளில் தரவைச் சேமிக்கும் இயக்ககம், உள்ளது. கணினிகளைப் பராமரிக்க வருபவர், மூன்றுக்கும் மாதந்தோறும் டிஃப்ராக் (சிதறிக் கிடக்கும் கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்த்து அடுக்குவது) செய்ய வேண்டும் என்றும், அதற்குத் தனிக் கட்டணம் என்றும் கூறுகிறார். விண்டோஸ் கணினி காலையில் இயங்கத் தொடங்க நெடுநேரம் எடுப்பது உண்மைதான். ஆயினும், மூன்று வெவ்வேறு இயங்குதளங்களுக்கு ஒரே வைத்தியம் எவ்வாறு பொருந்தும்? விபரம் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில் 1 – வெள்ளவத்தை வாசகன்

இயங்குதளம் எது என்று பார்ப்பதற்கு முன், உள்ளே இருப்பது சுழலும் தட்டா, எஸ்எஸ்டியா என்று பார்க்க வேண்டும். நிமிடத்திற்கு 7200 தடவை சுழலும் வன்தட்டு ஒரு சுற்று முடிக்க ஏறத்தாழ 8 மில்லிசெக்கன் எடுக்கும். ஒரு கோப்பு பல துண்டுகளாகச் சிதறிக் கிடந்தால், ஒவ்வொரு துண்டுக்கும் வாசிப்புத் தலை நகர்ந்து, தட்டு சுழன்று வரும்வரை காத்திருக்க நேரிடும். அந்தக் காத்திருப்பைத்தான் டிஃப்ராக் குறைக்கிறது. எஸ்எஸ்டியில் நகரும் தலையும் இல்லை, சுழலும் தட்டும் இல்லை. அங்கே துண்டுகளை ஒன்றுசேர்ப்பதால் கிடைக்கும் பயன் மிகச் சொற்பம். மாறாக, எழுதும் ஆயுள் வரையறுக்கப்பட்ட சில்லுகளில் தேவையற்று மீண்டும் மீண்டும் எழுதுவதாகவே அது முடியும்.

மாதந்தோறும் செய்ய வேண்டும் என்ற பழக்கம் டொஸ், விண்டோஸ் 98 காலத்திலிருந்து வந்தது. தட்டில் கோப்புகளை எங்கே, எப்படி வைப்பது என்று தீர்மானிப்பது கோப்பு முறைமை; அன்றைய ஃபேட் முறைமை கோப்புகளைக் கிடைத்த இடத்தில் கிடைத்தபடி எழுதியதால் சிதறல் விரைவாகப் பெருகியது. டிஃப்ராக் நடக்கும்போது வண்ணக் கட்டங்கள் திரையில் ஊர்வதைப் பார்த்தபடி மாலைப் பொழுதைக் கழித்தவர்கள் இந்தத் தளத்திலும் இருப்பார்கள். ஆனால் விஸ்டா தொடக்கம் விண்டோஸ் இவ்வேலையை வாராந்த அட்டவணையில் தானாகவே செய்து வருகிறது. விண்டோஸ் 8 முதல் அதே கருவி, வன்தட்டு என்றால் டிஃப்ராக் செய்யும். எஸ்எஸ்டி என்றால் அழிக்கப்பட்ட இடங்கள் எவை என்று இயக்ககத்திற்கு அறிவிக்கும் டிரிம் கட்டளையை அனுப்பும்.

உங்கள் நிலையத்தில் ஒரு சிக்கல் இருக்கலாம். கணினி சும்மா இருக்கும் நேரத்தில்தான் விண்டோஸ் இந்தப் பராமரிப்பைச் செய்யும். பகல் முழுவதும் தட்டச்சு, கடை பூட்டும்போது கணினியையும் அணைத்துவிடுவது என்றால், அதற்கு நேரமே கிடைத்திருக்காது. தொடக்கப் பட்டியலில் 'டிஃப்ராக்மென்ட் அண்ட் ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்' என்று தேடித் திறந்து, கடைசியாக எப்போது நடந்தது என்ற திகதியைப் பாருங்கள்.

பதில் 2 – பம்பலப்பிட்டி லினக்ஸ் அன்பர்

லினக்ஸுக்கு டிஃப்ராக் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். அது சற்று மிகையான கூற்று. மின்ட் வழக்கமாகப் பயன்படுத்தும் எக்ஸ்ட்4 முறைமை, எழுத வேண்டிய தரவைச் சிறிது நேரம் நினைவகத்தில் வைத்திருந்து, கோப்பின் அளவு தெரிந்த பிறகு அதற்கேற்ற தொடர்ச்சியான இடத்தைத் தேடி ஒதுக்குகிறது. ஆகையால் சிதறல் பொதுவாகக் குறைவு. தட்டு நிரம்பிவிட்டாலோ தொடர்ச்சியான இடமே கிடைக்காது. அப்போது எக்ஸ்ட்4 கோப்புகளும் சிதறத்தான் செய்யும். சந்தேகம் இருந்தால் முனையத்தில் ஈ4டிஃப்ராக் கட்டளையை, சோதனை மட்டும் செய்யும் சி விருப்பத்துடன் (e4defrag -c) இயக்குங்கள். அது தரும் மதிப்பெண் 30 வரை இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. 55ஐத் தாண்டினால் மட்டுமே டிஃப்ராக் தேவை. இதற்கு மாதக் கட்டணம் கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பதில் 3 – தெஹிவளை வடிவமைப்பாளர்

மேக்புக்கைத் தொடவே வேண்டாம். 2017இல் வந்த ஹை சியேரா பதிப்பிலிருந்து மேக் பயன்படுத்தும் ஏபிஎஃப்எஸ் முறைமை எஸ்எஸ்டியை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டது. டிரிம் வேலையும் தானாக நடக்கும். வெளியே இணைக்கும் சுழல் வன்தட்டு ஒன்றை ஏபிஎஃப்எஸ்ஸில் வடிவமைத்திருந்தால் மட்டும், காலப்போக்கில் அது மந்தமாவதை எதிர்பார்க்கலாம்.

கொட்டாஞ்சேனை அச்சகர்

மூவருக்கும் நன்றி. விண்டோஸ் கணினியில் பார்த்தேன். கடைசித் திகதி பல மாதங்களுக்கு முந்தியது. தட்டும் ஏறக்குறைய நிரம்பியிருக்கிறது. பழைய அழைப்பிதழ்க் கோப்புகள்தான் பெரும்பகுதி. இன்றிரவே டிஃப்ராக் பொத்தானை அழுத்திவிட்டு வீட்டுக்குப் போகலாமா?

வெள்ளவத்தை வாசகன்

இன்றிரவு வேண்டாம். முதலில் அந்த அழைப்பிதழ்க் கோப்புகளை வெளி வன்தட்டுக்குப் பிரதியெடுத்து, அவை திறக்கின்றனவா என்று சரிபார்த்த பின் கணினியிலிருந்து நீக்குங்கள். வெற்றிடம் போதாவிட்டால் டிஃப்ராக் ஒழுங்காக முடியாது. விண்டோஸ் எக்ஸ்பியின் கருவி 15 விழுக்காடு வெற்றிடம் கேட்டது. அடுத்து, கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளால் தட்டின் ஸ்மார்ட் நிலையை, அதாவது தட்டு தன் நலத்தைத் தானே கண்காணித்துத் தரும் அறிக்கையை, பாருங்கள். பழுதான பகுதிகள் கூடிக்கொண்டு போவதாக அது காட்டினால், டிஃப்ராக் செய்வது நோயாளியை ஓடச் சொல்வதற்குச் சமம். பிரதியெடுத்துவிட்டு தட்டை மாற்றிவிடுங்கள். தட்டு நலமாக இருந்தால் ஒரு தடவை டிஃப்ராக் செய்யலாம். விண்டோஸ் இப்போது பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் முறைமையில் இடையே மின்சாரம் நின்றாலும் கோப்புகள் அநேகமாகத் தப்பிவிடும். இருந்தாலும், 2022இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டைக் கண்ட ஊரில் மின்சாரம் நின்றால் மின்கலத்தால் கணினியைத் தாங்கும் யூபிஎஸ் இல்லாமல் இதைத் தொடங்கும்படி நான் சொல்ல மாட்டேன்.

காலைத் தாமதம் டிஃப்ராக்கால் ஓரளவு குறையுமே தவிர முற்றாகத் தீராது. பராமரிப்பவரிடம் மாதக் கட்டணத்தை விட்டுவிட்டு, விண்டோஸ் கணினியின் வன்தட்டை எஸ்எஸ்டியாக மாற்றித் தர எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவின் கணினிக் கடைகளிலும் ஒரு தடவை விலை விசாரியுங்கள். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டதால், புதிய எஸ்எஸ்டியில் எந்த இயங்குதளத்தை நிறுவுவது என்பதையும் அப்போதே அவரிடம் பேசி முடிவுசெய்யுங்கள்.