முறிந்த எலும்பு கூடுகிறது. தேய்ந்த குருத்தெலும்பு ஏன் வளர்வதில்லை?

கேள்வி: குலசேகரம் வாசகர்

என் தந்தையார் பேச்சிப்பாறைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் நெடுங்காலம் பால்வெட்டுத் தொழில் செய்தவர். முன்பொரு மழைக்காலத்தில் சரிவில் வழுக்கி விழுந்து கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்தபோது, மாவுக்கட்டுப் போட்டுச் சில மாதங்களில் நன்றாகக் கூடிவிட்டது. இப்போது அதே காலின் முழங்காலில் தேய்மானம் என்றும், தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப வளராது என்றும் கூறுகிறார்கள். கடினமான எலும்பே கூடும்போது மென்மையான குருத்தெலும்பு கூடாதது ஏன்? அதில் நரம்பே இல்லை என்று படித்தேன்; அப்படியானால் வலி எங்கிருந்து வருகிறது?

மறுமொழி 1: உடற்கூறியல் ஆசிரியை, நாகர்கோவில்

எலும்பை உயிரற்ற தூண் என்று நினைத்துக்கொள்வதால் எழும் ஐயம் இது. அடுத்த முறை ஆட்டுக்கால் வாங்கும்போது ஓர் எலும்பை நெடுக்காகப் பிளந்து தரச் சொல்லிப் பாருங்கள். மேலே கத்திமுனையால் உரித்தெடுக்கக்கூடிய மெல்லிய உறை, அதன் கீழே இறுகிய எலும்பு, முனைப் பகுதியில் நுண்ணறைகள் நிறைந்த எலும்பு, உள்ளே மஜ்ஜை என எல்லா இடத்திலும் இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. எலும்பு முறிந்தவுடன் அங்கே இரத்தம் கசிந்து உறைகிறது. உறையிலிருந்தும் மஜ்ஜையிலிருந்தும் புதிய உயிரணுக்கள் வந்து சேர்ந்து, முதலில் நார்த்திசுவும் குருத்தெலும்பும் கலந்த மென்மையான இணைப்பை உண்டாக்க, அது சில வாரங்களில் சுண்ணாம்புச் சத்து ஏறி எலும்பாக மாறுகிறது. எலும்பு கூடும் வழியில் குருத்தெலும்பு தற்காலிகமாக உருவாகி மறைகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கும் செய்தி.

அதே ஆட்டுக்கால் எலும்பின் முனையில், நீலம் பாய்ந்த வெண்மையில் வழவழப்பாக ஒரு மூடி இருக்கும். அதுவே மூட்டுக் குருத்தெலும்பு. மனித முழங்காலில் பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீட்டர் தடிமனே உள்ள அதன் எடையில் ஏறத்தாழ 70 விழுக்காடு நீர். இரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. உயிரணுக்கள் மிகச் சிலவே; அவையும் தத்தம் சிற்றறைக்குள் அடைபட்டு, வளர்ந்த பின்னர் அரிதாகவே பிரிகின்றன. ஆகவே அங்கே கீறல் விழுந்தால் இரத்தம் உறைவதும் இல்லை, பழுதுபார்க்க வேறிடத்திலிருந்து உயிரணுக்கள் வருவதும் இல்லை. சேதம் அடியிலுள்ள எலும்புவரை இறங்கினால் தழும்புத்திசு உருவாகும். எனினும் அது நார்மிகுந்தது, பழைய வழவழப்பும் உறுதியும் அதற்கு வாய்ப்பதில்லை.

மறுமொழி 2: பிசியோதெரபிஸ்ட், மார்த்தாண்டம்

வலி பற்றிய கேள்விக்கு விடை சுருக்கமானது. குருத்தெலும்பின் அடியிலுள்ள எலும்பிலும், மூட்டைச் சுற்றியுள்ள உறையிலும், அதன் உட்சவ்விலும் நரம்புகள் உண்டு. தேய்மானத்தில் வலிப்பவை அவைதான்.

இரத்தம் இல்லாத குருத்தெலும்பு உயிரோடிருப்பது மூட்டுத் திரவத்தால். காலை ஊன்றும்போது குருத்தெலும்பு அழுந்தி நீர் வெளியேறுகிறது, எடை நீங்கும்போது சத்துடன் திரும்ப உள்ளே செல்கிறது. ஆகவே 'தேய்ந்துவிட்டது, இனி நடக்கவே கூடாது' என்று வீட்டார் உட்கார வைப்பது தவறு. தொடைத் தசையும் மெலிந்து மூட்டின் பாரம் கூடும். ஆனால் ரப்பர் மரத்தில் பாலுக்காகப் பட்டை வெட்டும் இடம் கீழே இறங்க இறங்கக் குந்தியிருந்து வெட்டும் வேலை வேறு வகை. அந்த நிலையில் முழங்கால் சில்லுக்குப் பின்னால் அழுத்தம் மிகுதி என்பதால், அதைத் தவிர்க்கச் சொல்லுங்கள். எண்ணெய் தடவுவது தசைக்கு இதம் தரும், குருத்தெலும்பை வளர்க்காது. மூட்டு வீங்கிச் சூடாக இருந்தால் எலும்பு மருத்துவரைப் பார்ப்பதே முறை.

மறுமொழி 3: குளச்சல் வாசகர்

கால்பந்து ஆடியதில் என் தம்பிக்கு முழங்கால் ஜவ்வு கிழிந்தது. அதைத் தைத்துச் சரிசெய்தார்கள். அதுவும் குருத்தெலும்புதானே?

மறுமொழி 4: உடற்கூறியல் ஆசிரியை, நாகர்கோவில்

தைத்தது தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே பிறை வடிவில் இருக்கும் ஜவ்வு என்றால், ஆம், அது நார்க் குருத்தெலும்பு. அதன் வெளி ஓரத்துக்கு மட்டும் இரத்த ஓட்டம் உண்டு. அங்கே கிழிந்தால் தையல் பிடிக்கும் வாய்ப்பு நன்றாக இருக்கிறது. உள் ஓரத்தில் கிழிந்தால் ஆறுவது கடினம் என்பதால், பல வேளைகளில் கிழிந்த துண்டை நீக்கிவிடுகிறார்கள்.