புதுப்பிப்பு: சஸ்பெண்ட், ரெஸ்யூம் ஃபங்ஷன் எச்சரிக்கை தீர்ந்தது

உதவிய எல்லாருக்கும் நன்றி. லினக்ஸ் கெர்னலில் ஸ்லீப் கான்ஃபிக்கை (கணினியை உறங்கவைக்கும் வசதிக்கான அமைப்பை) அணைத்து பில்டு செய்தால், எங்கள் சென்சார் டிரைவரின் சஸ்பெண்ட், ரெஸ்யூம் (உறங்கவைக்கும், எழுப்பும்) ஃபங்ஷன்களை யாரும் பயன்படுத்தவில்லை என்று ஜிசிசி கம்பைலர் எச்சரிப்பதைக் கேட்டிருந்தேன்.

அந்த ஃபங்ஷன்களைச் சுற்றி இஃப்டெஃப் (கான்ஃபிக் அணைந்திருந்தால் கோடை கம்பைலரிடமிருந்தே மறைக்கும் நிபந்தனை) போட்டதும் எச்சரிக்கை போனது, ஆனால் கோடு கந்தலாகிவிட்டது. கைகொடுத்தது இங்கே பதில் எழுதிய ஒயிட்ஃபீல்டு அண்ணன் சொன்ன வழிதான்: சஸ்பெண்ட், ரெஸ்யூம் ஃபங்ஷன்களை ஒரு ஸ்ட்ரக்சரில் கோக்கும் பழைய சிம்பிள் டெவ் பிஎம் ஆப்ஸ் மேக்ரோவுக்குப் பதில், பெயருக்கு முன்னால் டிஃபைன் சேர்ந்த புது மேக்ரோ, டிரைவர் ஸ்ட்ரக்சரில் பிஎம் ஸ்லீப் பாயின்டர் மேக்ரோ. இரண்டும் கெர்னல் 5.17 முதல் உண்டு. கம்பைலர் ஃபங்ஷனை முழுக்கப் படித்துச் சரிபார்க்கிறது, அப்புறம் தேவையில்லை என்றால் தானே கழித்துவிடுகிறது.

எதிர்பாராதது ஒன்று. இஃப்டெஃபை எடுத்தவுடன் ரெஸ்யூமுக்குள் டிக்ளேர் செய்யாத ஒரு வேரியபிள் பிழையாக வந்து நின்றது! ஸ்லீப் அணைத்த பில்டில் இத்தனை நாள் அது கண்ணிலேயே படவில்லை.

5.10 போன்ற பழைய கெர்னலில் இருப்பவர்களுக்கு ஃபங்ஷனில் போடும் மேபி அன்யூஸ்டு குறியே (பயன்படாமல் போகலாம், எச்சரிக்காதே என்று கம்பைலருக்குச் சொல்வது) போதும். அதையும் பில்டு செய்து பார்த்துவிட்டேன்.