'கஸம்ப்' (விலை பேசி முடித்த வீட்டை விற்பவர் கூடுதல் விலைக்கு இன்னொருவருக்குக் கொடுப்பது) செய்யப்பட்ட அனுபவம் உண்டா? இங்கே பகிருங்கள்

ஹாரோவாசி:
விலை பேசி முடித்தாயிற்று, வீட்டின் நிலையைச் சோதிக்கும் சர்வேயும் முடிந்தது, பத்திர வேலை பார்க்கும் வழக்கறிஞரான சொலிசிட்டருக்கு முன்பணமும் போய்விட்டது. ஒப்பந்தம் கைமாறுவது ஒன்றுதான் பாக்கி. அப்போது முகவர் அழைத்து, இன்னொருவர் பன்னிரண்டாயிரம் பவுண்டு கூடுதலாகத் தருகிறார், நீங்களும் ஏற்றினால் வீடு உங்களுக்கே என்றார். நாங்கள் ஏற்றவில்லை, வீடு போயிற்று. பணத்தைவிட வேறொன்றுதான் என்னை அரிக்கிறது. இரண்டாம் முறை பார்க்கப் போனபோது வீட்டுக்காரரான முதியவர், வீட்டைச் சூடாக்கும் பாய்லருக்கு அடியில் மண்டியிட்டு, அழுத்தம் இறங்கினால் எந்தத் திருகைத் திறக்க வேண்டும், முள் ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் நடுவில் வந்ததும் எப்படி மூட வேண்டும் என்று என்னையே செய்யவைத்துச் சொல்லிக்கொடுத்தார். "குளிர்காலத்தில் மறந்துவிடாதீர்கள்" என்று தோளைத் தட்டினார். வீட்டை வேறு ஒருவருக்குக் கொடுக்கப்போகிறவர் அதை ஏன் எனக்குச் சொல்லித்தந்தார்? இன்றுவரை விளங்கவில்லை.

ஈஸ்ட்ஹாம்_அக்கா:
எங்களுக்கு நடந்தது இன்னும் கசப்பு. கூடுதல் விலை கொடுத்தவர் வெளி ஆள் இல்லை, கோயிலில் பழக்கமானவர். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தத் தெரு, என்ன விலை என்று விசாரித்தார். ஒளிவுமறைவில்லாமல் எல்லாவற்றையும் சொன்னோம். வீடு கைநழுவியபோதுகூட அவர்மேல் சந்தேகம் வரவில்லை. பிறகு புதுமனைப் புகுவிழா அழைப்பிதழ் வந்தது. மூலைகளில் மஞ்சள், மேலே பிள்ளையார் சுழி, கீழே நாங்கள் மனப்பாடமாக வைத்திருந்த அதே கதவிலக்கம், அதே அஞ்சல் குறியீடு. என் கணவர் மொய்க் கவருடன் போய்வந்தார். நான் போகவில்லை.

குரோய்டன்_வாசகர்:
அக்காவுக்கு நடந்தது துரோகம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஹாரோ நண்பர் அந்த முதியவரைக் குறை சொல்வது சரியில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1989-ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டு விற்பனை ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, இரு தரப்பும் கையெழுத்திட்டால்தான் செல்லும். அதுவரை எந்தத் தரப்பும் விலகலாம். நடுவில் இன்னொருவர் விலை சொன்னால் அதையும் முகவர் விற்பவரிடம் தெரிவித்தாக வேண்டும். எனக்கும் ஒரு ஃபிளாட் இப்படிப் போனது. மறுநாளே அடுத்ததைப் பார்க்கக் கிளம்பிவிட்டேன். சட்டம் அனுமதித்ததை ஏமாற்று என்று சொல்லாதீர்கள்.

வெம்பிளி_மாமா:
குரோய்டன் தம்பி, 'கஸம்ப்' என்ற சொல்லே ஏமாற்றில் பிறந்தது. 1920-களில் இங்கே கொச்சைப் பேச்சில் அதைப் பலவிதமாக எழுதினார்கள். பொருள் மட்டும் ஒன்றுதான், ஒருவரை மோசம் செய்து பணம் பறிப்பது. ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திஷ் மொழியிலிருந்து வந்தது என்று பலர் சொல்வார்கள், அகராதிகள் அதை உறுதிசெய்யவில்லை. 1970-களின் தொடக்கத்தில் வீட்டு விலை தாறுமாறாக ஏறியபோது, பேசிய விலையை மாற்றுகிறவர்கள் பெருகினார்கள். மக்கள் அதற்கு அந்தப் பழைய மோசடிச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். சட்டத்தில் குற்றமில்லை என்றால் அடிபட்டவனுக்கு வலிக்காதா?

எனக்கும் ஒரு வீடு போனது, அதை விடுங்கள். இனி வாங்குகிறவர்கள் கவனியுங்கள். விலை ஒப்புக்கொண்ட அன்றே வீட்டை விற்பனைப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். கடனுக்கான முன் ஒப்புதலும் சொலிசிட்டரும் வீடு தேடும்போதே தயாராக இருக்கட்டும். தாமதம்தான் மூன்றாம் ஆளை உள்ளே விடுகிறது. முடிந்தால் குறிப்பிட்ட காலத்துக்கு வேறு யாரிடமும் பேசுவதில்லை என்று விற்பவரிடம் எழுதி வாங்குங்கள். 1993-இல் ஒரு வழக்கில், இரண்டு வாரம் வேறு யாரையும் பார்ப்பதில்லை என்று சொல்லிவிட்டு மீறிய விற்பனையாளருக்கு எதிராக மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த உறுதிமொழியால் வீட்டை விற்கும்படி கட்டாயப்படுத்த முடியாது, ஆனால் செலவான பணத்தைக் கேட்க வழி உண்டு. சர்வே, சட்டச் செலவுகளுக்குக் காப்பீடும் கிடைக்கிறது. பிள்ளைகளுக்கு வீடு பார்க்கிறவர்கள் இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

எடின்பரோ_தமிழன்:
ஸ்காட்லாந்தில் இது அரிது. இங்கே சொலிசிட்டர்கள் கடிதம் மாற்றிக்கொண்டு ஒப்பந்தத்தை முடிக்கிறார்கள். ஒரு விலையை ஏற்றுக்கொண்ட பிறகு விற்பவர் கூடுதல் விலைக்குத் தாவினால், அவருடைய சொலிசிட்டர் பொதுவாக விலகிக்கொள்வார். நான் வாங்கியபோது மூடிய உறையில் ஒரே ஒரு விலை எழுதிக் கொடுத்தேன். அன்று மாலை தொலைபேசியைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை. கிடைத்தது.

லூட்டன்_ரவி:
எல்லோரும் விற்பவர்களையே திட்டுகிறீர்கள். வாங்குகிறவர்கள் கடைசி நேரத்தில் விலையைக் குறைக்கச் சொல்வதற்கும் ஒரு சொல் இருக்கிறது, 'கஸண்டர்'. 1980-களின் கடைசியில் புழக்கத்துக்கு வந்தது. ஒப்பந்தம் கைமாற வேண்டிய அன்று காலை, எங்கள் வீட்டை வாங்குகிறவர் பதினைந்தாயிரம் குறைத்தால்தான் கையெழுத்து என்றார். சுவரில் ஈரம், கூரை ஓடு என்று ஏதேதோ காரணங்கள். எல்லாம் அவருடைய சர்வேயில் முதலிலேயே இருந்தவை. நாங்கள் வாங்க வேண்டிய வீட்டுக்காரரும், அவருக்கு அடுத்தவரும் எங்களை நம்பிக் காத்திருந்தார்கள். பதினொரு மணிக்குள் பதில் வேண்டும் என்றார் முகவர். என் மனைவி சமையலறையில் கோப்பைகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலே, "குறைத்துத் தொலையுங்கள், இனி இதையெல்லாம் பிரிக்க என்னால் முடியாது" என்றாள். குறைத்தோம்.

மாமா, வாங்குகிறவர்களுக்கு இவ்வளவு சொன்னீர்களே, விற்பவர்களுக்கு என்ன பாதுகாப்பு? என் தங்கையின் வீடு இப்போது விற்பனையில் இருக்கிறது, ஒருவர் விலை சொல்லியிருக்கிறார். தெரிந்தவர்கள் எழுதுங்கள்.